காலில் விழுந்தவரைத் தூக்கக் கூடாது

வேலையை விட்டுப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவருக்குத் தலை நரைத்திருக்கும், தோளில் சால்வை இருக்கும். எனக்கோ இரண்டாவது குழந்தைக்கு இப்போதுதான் கழுத்து நிற்கிறது. மூத்தவன் என் அடையாள அட்டையின் கயிற்றைக் கடித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்பி வருவீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கண்டிப்பாக வருவேன் என்றேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "கண்டிப்பாக" என்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசித்தேன். பூட்டிய கதவை இரண்டாம் முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்தவரைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, எப்படி நடக்க வைப்பது என்பதெல்லாம் இயன்முறை மருத்துவம் படித்துவிட்டு வரும் உங்களுக்குத் தெரியும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆறுமுகம் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் பெரிய கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் சேலைக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குனிந்து குனிந்து சேலையை விரித்துக் காட்டுகிற தொழில். இடுப்புப் பகுதியில் ஒரு டிஸ்க் தேய்ந்து, மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் முன்னால் நழுவியிருந்தது. பத்து கடை தூரம் நடந்தால் இடது கால் மரத்துவிடும். உடனே எங்கேயாவது உட்கார்ந்தாக வேண்டும். அதனால் வழியில் இருந்த எல்லாச் சேலைக் கடைப் படிகளிலும் உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார். விலையை உளவு பார்க்க வருகிறார் என்று தெருவில் பேச்சாகிவிட்டது.

எங்கள் சர்ஜன் மயிலாப்பூர்க்காரர். எதையும் மிக லேசாகச் சொல்லிவிடுவார்.

"பெரிசா கிழிக்கறதெல்லாம் கிடையாது. சின்னச் சின்னதா நாலு துளை. தசையை வெட்டாம விலக்கிண்டு உள்ளே போயிடுவோம். தேய்ஞ்ச டிஸ்க்கை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு சின்னக் கூண்டு, அதுல எலும்புத் துண்டு. மேலயும் கீழயும் ஸ்குரூ. ரெண்டு எலும்பும் மெதுவா ஒண்ணா வளர்ந்துடும். மறுநாளே நடக்கலாம்."

அண்ணாச்சி காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகுதான். துளை சின்னதாக இருப்பதால் நோயாளிக்கு மரியாதையும் சின்னதாகிவிடும். பார்க்க வந்த உறவினர்கள் ஒவ்வொருவராக அவர் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

"இம்புட்டுதானா?" என்றார் ஒருவர்.

"ஊசி போட்ட எடம் மாதிரில்லா இருக்கு. இதுக்கா இத்தனை பேரு பஸ் ஏறி வந்தோம்?" என்றார் இன்னொருவர்.

வெளியே அப்படித்தான் தெரியும். உள்ளே, தளம் போட்டு இன்னும் சென்ட்ரிங் பலகை பிரிக்காத வீடு அது. எலும்பு ஒட்டும்வரை, பல வாரங்களுக்கு, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். வாய்ப்பாடு போல ஒப்பித்தார். போதுமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் சொல்லச் சொன்னேன். மறுபடியும் ஒப்பித்தார்.

மறுநாள் மதியம் வராந்தாவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கால் மரக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நான், பின்னால் வார்டு உதவியாளர் ஸ்டெல்லா அக்கா. அப்போது லிஃப்ட் திறந்தது. புதிதாகக் கல்யாணமான ஒன்றுவிட்ட அண்ணன் மகன் ஒருவன் மனைவியோடு வெளியே வந்தான். "சித்தப்பா!" என்றான். இரண்டு பேரும் அப்படியே அவர் காலில் விழுந்தார்கள்.

அண்ணாச்சியின் இரண்டு கைகளும் வாக்கரை விட்டன. உடம்பு முன்னால் வளைந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வார்டில் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா அக்கா அவரது இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து நிமிர்த்தினார்.

"இன்னா நைனா, நேத்துதான ஸ்குரூ போட்டாங்க? அதுக்குள்ள கயட்டிப் பாக்குறியா?"

உடனே எக்ஸ்ரே எடுத்தோம். எதுவும் அசையவில்லை. படத்தை நான் இரண்டாம் முறையும் வாங்கிப் பார்த்தேன்.

"ஏன் அண்ணாச்சி குனிஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க தாயி குனிஞ்சேன்? பிள்ளையளைத் தூக்குனேன். அம்புட்டுதான்."

பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர்கள் வீட்டில் பெரியவரின் காலில் யாராவது விழுந்தால், அவர் தோளைத் தொட்டுத் தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் கோபம் என்று அர்த்தம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஆனவரின் கை அதைத் தானாகவே செய்கிறது.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் முணுமுணுத்தார். "ரெண்டு பேரு விழுந்ததுக்கே இந்தப் பாடு. கல்யாணத்துல என்ன செய்யப் போறியளோ?"

"எந்தக் கல்யாணம்மா?"

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

அவர்களுடைய ஒரே மகள் கோமதிக்கு அடுத்த மாதக் கடைசியில் மயிலாப்பூரில் கல்யாணம். சத்திரம் பேசி, பத்திரிகை அடித்தாயிற்று. டாக்டரிடம் சொன்னால் கல்யாணம் முடிந்து வா என்று அனுப்பிவிடுவார் என்று மறைத்திருக்கிறார்கள்.

"மண்டப வாசல்ல நிமிந்து நின்னு வாங்கன்னு கூப்பிடணும் தாயி. மக கல்யாணத்துல ஊரான் கடைப் படியிலயா உக்காந்திருக்க முடியும்? அதுக்குத்தான் இந்த ஆபரேசனே" என்றார் அண்ணாச்சி.

"தம்பி வெவகாரத்தையும் சொல்லுங்க" என்றார் பேச்சியம்மாள்.

அவர் சொல்லவில்லை. பேச்சியம்மாளே சொன்னார். அண்ணாச்சியின் தம்பி முத்தையா முதலில் அதே கடையில்தான் இருந்தார். ஏதோ பேச்சு முற்றிப் பிரிந்துபோய், நேர் எதிரில் தனிக்கடை போட்டுவிட்டார். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தினமும் ஒருவர் கடை திறப்பதை இன்னொருவர் பார்ப்பார், அவ்வளவுதான். கோமதி போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: வாசலில் அண்ணன் காலில் விழுவேன். தூக்கிவிட்டால் உள்ளே வருவேன். தூக்காவிட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவேன்.

"அவருகிட்ட ஆபரேஷன் பத்திச் சொல்லிடலாமே. புரிஞ்சுக்குவாரு" என்றேன்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். "எதுத்த கடைக்காரன்கிட்டப் போயி, என் இடுப்பு போச்சுன்னு சொல்லவா? செத்தாலும் மாட்டேன். நான் திருச்செந்தூருக்குப் போயிருக்கேன்னுதான் கடையில சொல்லியிருக்கு. பாத்துட்டுப் போன சொந்தக்காரங்க வாயையும் கட்டியாச்சு. நீங்களும் அதையே சொல்லுங்க."

சர்ஜனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கல்யாணமா? எங்கிட்ட மூச்சு விடலையே! சரி, நிக்கலாம், நடக்கலாம், நாற்காலியில உக்காரலாம். மணையில உக்காரப்படாது. குனியவே படாது. ஏதாவது பிசகித்துன்னா மறுபடியும் திறக்க வேண்டி வரும். பாக்கியை நீ பாத்துக்கோ."

பாக்கி என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று மாலை பெசன்ட் நகரில் வீட்டுக்குள் நுழைந்தபோது என் பையன் ஏதோ கோபத்தில் நடுக்கூடத்தில் குப்புறப் படுத்திருந்தான். பையைக்கூட வைக்கவில்லை, நான் குனிந்து அவனைத் தூக்கிவிட்டேன். தூக்கி இடுப்பில் வைத்தபிறகுதான் தெரிந்தது: நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்கிற மூன்றையும் ஒரே நொடியில் மீறியிருந்தேன். கீழே ஒருவர் கிடந்தால் கை போகும். "குனியாதே" என்பது காதுக்குச் சொல்வது, கைக்கு அது கேட்பதில்லை. கைக்கு வேறு வேலை கொடுத்தால்தான் உண்டு.

மறுநாள் பயிற்சியைத் தொடங்கினேன். ஒரு நாற்காலியை அண்ணாச்சியின் பக்கத்தில் போட்டேன். யாராவது காலில் விழுந்தால் இடது கை நாற்காலி முதுகைப் பிடிக்க வேண்டும், வலது கை மேலே உயர்ந்து ஆசீர்வதிக்க வேண்டும், வாய் "நல்லாருங்க, எந்திரிங்க" என்று சொல்ல வேண்டும். விழுவதற்கு ஆள் வேண்டுமே. ஸ்டெல்லா அக்காவைக் கேட்டேன்.

"நான் பட்டினப்பாக்கத்துலருந்து வரேன் தாயே. மாதா முன்னாடியே முட்டிதான் போடுவேன். இவரு கால்ல நான் வுயணுமா?"

"அவர் முதுகுக்காகக்கா."

"என் முதுகு இன்னா ரோட்லயா கீது?" என்று கேட்டுக்கொண்டே விழுந்தார். அண்ணாச்சியின் இரண்டு கைகளும் கீழே பாய்ந்தன. "ஏய், கை மேல! மேல!" என்று தரையிலிருந்தே அதட்டினார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். அவர் களைத்துப் போனதும் நான் விழுந்தேன்.

நான் தரையில் இருந்தபோது சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தார்.

"ஏம்மா, எதுக்கு பேஷன்ட் கால்ல விழுந்துண்டிருக்கே? ஆத்துல ஏதாவது பிரச்சினையா?"

"பயிற்சி சார்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சரி, பண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இது மருத்துவம்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் வீட்டுக்குப் போகிற நாளில் அண்ணாச்சியின் கை போக்குவரத்துக் காவலர் கை மாதிரி எழும்பியது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த நர்ஸுக்கும் ஆசீர்வாதம் கிடைத்தது.

தம்பிக்கு மட்டும் தனி ஏற்பாடு. அவரை நிச்சயம் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் அக்காள் மகன்கள் இருவர் நிற்பார்கள். முத்தையா விழுந்ததும் அவர்கள் பிடித்துத் தூக்க, அண்ணாச்சி தோளில் கை மட்டும் வைப்பார். தூக்கியது அண்ணன்தான் என்று தோன்றும். பேச்சியம்மாள் இதற்குச் சம்மதித்தார். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டோம்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. பட்டுச் சேலை கட்டி, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வாழ்த்தப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். உண்மையில் நாற்காலியைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். போட்டிருந்தார்கள். மல்லிகைச் சரம் சுற்றி அலங்கரித்தும் இருந்தார்கள்.

மண்டப வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். பட்டுச் சட்டைக்குள் பெல்ட். நெற்றி நிறைய விபூதி. அவர் அவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது. வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார். காலில் விழுந்தவர்களுக்குக் கை உயர்ந்தது. பையனுக்கு ரோஜாப்பூ வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ஓரமாக நின்று ஒவ்வொரு ஆசீர்வாதத்தையும் மேற்பார்வை செய்தேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று கூப்பிட்டார்கள். அக்காள் மகன்கள் இருவரும் ஓடினார்கள். சரியாக அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. முத்தையா இறங்கினார். அண்ணாச்சியை அப்படியே சின்னதாகச் செய்தது போல இருந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் வெள்ளித் தாம்பாளம். கோமதியின் சித்தப்பா வந்துவிட்டார் என்று யாரோ உள்ளே ஓடிச் சொன்னார்கள். பாதி மண்டபம் வாசலுக்கு வந்துவிட்டது.

முத்தையா நேராக வந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அண்ணாச்சியின் வலது கை உயர்ந்தது. நான் பழக்கியபடி, கச்சிதமாக.

"நல்லாருடே. எந்திரி."

முத்தையா எந்திரிக்கவில்லை.

"எந்திரிடே."

அசையவில்லை. தூக்க வேண்டும் என்று சொல்லித்தானே அனுப்பியிருந்தார்? உயர்ந்த கையோடு அண்ணன் நின்றார், கீழே தம்பி கிடந்தார். பார்க்கிறவர்களுக்கு, கீழே கிடப்பவனைப் பார்த்துக் கை ஓங்குகிற மாதிரிகூட இருந்திருக்கும். முத்தையாவின் மனைவி தாம்பாளத்தோடு காரைத் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார்.

அண்ணாச்சியின் இடது கை நாற்காலியை விட்டது. அவர் குனியப் போகிறார், தெரிந்தே குனியப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. தடுத்தால் தம்பி போய்விடுவார். விட்டால் இடுப்பு போய்விடும். பூட்டிய கதவைத் திரும்பப் பார்க்கிறவளுக்கு யோசிக்க நேரமே கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி! முட்டி! முட்டியை மடக்குங்க! முதுகு நேரா இருக்கட்டும்!"

நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பையனைப் பேச்சியம்மாளிடம் திணித்துவிட்டு நாற்காலியை அவர் முன்னால் தள்ளினேன். அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலைப் பின்னால் வைத்து, முதுகைச் சுவர் போல நேராக வைத்துக்கொண்டு, மெதுவாக இறங்கினார். முட்டி தரையில் பட்டது. கையை நீட்டித் தம்பியின் தோளைத் தொட்டார்.

அந்தக் குடும்பத்தில் மூத்தவர் இளையவர் முன்னால் முட்டிபோட்டதை யாரும் பார்த்ததில்லை.

முத்தையா தலையைத் தூக்கினார். அண்ணனின் முகம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. பதறிப்போய் எழுந்தார்.

"அண்ணே! என்னண்ணே காரியம் செய்யுதிய! எந்திரிங்கண்ணே! நான்லா தப்பு செஞ்சவன்!"

அண்ணாச்சியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்க ஆரம்பித்தார். "தூக்காதீங்க! அவரா எந்திரிக்கட்டும்!" என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். மூத்தவர் முட்டிபோட்டுத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்ற செய்தி, பந்தியில் அப்பளம் வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

கை கழுவுகிற இடத்தில் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, நான் மன்னிப்பெல்லாம் கேக்கல பாத்துக்கிடுங்க. நீங்க சொன்னிய, மடக்குனேன். தப்பு பூராவும் அவன் மேலதான்."

பக்கத்திலிருந்த பேச்சியம்மாள் சொன்னார்: "அதை இன்னொரு தடவை வாயைத் திறந்து சொன்னியள்னா, மிச்சமிருக்குற எலும்பை நான் ஒடிச்சிருவேன்."

நான் அன்று தூங்கவில்லை. நிமிரும்போது தம்பி இழுத்த இழுப்பில் ஏதாவது ஆகியிருக்குமோ? முட்டி மடக்கச் சொன்னது அந்த வாரத்துக்குச் சரியா? அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது சர்ஜன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "நன்னா இருக்கு. கல்யாணத்துல ஒழுங்கா இருந்தேள் போலிருக்கே" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

துணைக்கு வந்து வெளியே காத்திருந்தவர் முத்தையா. அண்ணனின் பை, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் அவர் கையில். அறுவை சிகிச்சை விவகாரம் அவருக்கு இப்போது தெரியும். எப்போது நடந்தது என்பது மட்டும் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சியம்மாள் தொலைபேசியில் முன்பே எச்சரித்திருந்தார்.

நாங்கள் வெளியே வந்ததும் முத்தையா என்னிடம் கேட்டார். "டாக்டரம்மா, அன்னைக்கு வாசல்ல நீங்க என்னமோ கத்துனியளே. முட்டி கிட்டின்னு. என்னது அது?"

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நோயாளியின் வீட்டாரிடம் எதையும் மறைக்காமல் விளக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். எலும்பு, திருகு, மருந்து எல்லாவற்றையும் விளக்குங்கள். மிச்சத்தை விளக்குமுன் ஒரு நொடி நிறுத்தி, எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பாருங்கள். நான் பார்த்தேன். அவர் பதிலுக்காகக் கேட்ட மாதிரியே இல்லை. அண்ணன் முட்டிபோட்டதற்கு வேறு காரணம் இருந்துவிடுமோ என்று பயந்த மாதிரி இருந்தது.

"என் பையன் கீழே விழப் பார்த்தான். அவனைச் சொன்னேன்" என்றேன்.

"அப்படியா? அதானே" என்றார். அவர் தோள் இறங்கியது.

வாசலில் செருப்புகள் கிடந்தன. அண்ணாச்சி குனியக் கூடாதல்லவா, முத்தையாவே கீழே உட்கார்ந்து அண்ணனின் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டினார். வார் சரியாக நுழையவில்லை.

"செருப்பு வாரு மாட்டத் தெரியல" என்றார் அண்ணாச்சி மேலேயிருந்து. "இவன் எதுத்தாப்புல கடை போட்டுட்டான்!"

"பேசாம நில்லுங்கண்ணே" என்றார் முத்தையா. "மத்தக் காலைக் குடுங்க."